வாசகர் கேள்வி – எங்கள் பதில்: மரநிழல் தெருவில் ஆள் முகம்

கேள்வி: நானும் கணவரும் செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் 31 ஆண்டுகள் குடியிருந்தோம். சென்ற ஆண்டு எங்கள் மகன், தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் வாங்கிய வீட்டுக்கு எங்களை அழைத்து வந்துவிட்டார். வீட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், காலையில் எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் கிளம்பிவிட்டால், மாலை வரை தெருவில் ஆள் அரவமே இருப்பதில்லை. ஒரு தமிழ் முகத்தைப் பார்ப்பதும் அரிதாக இருக்கிறது. செந்தூலுக்கே திரும்பிவிடலாம் என்கிறார் கணவர். மகன் மனம் நோகுமே என்று நான் தயங்குகிறேன்.
– வாசகி, கோலாலம்பூர்

பதில்: அம்மா, செந்தூலில் பேச்சுத்துணை உங்களைத் தேடி வந்திருக்கும். லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது ஒருவர், அஞ்சடியில், அதாவது கடைகளின் முன்நடையில், பூ வாங்கும்போது ஒருவர், கடன் கேட்ட அரை மூடித் தேங்காயைத் திருப்பித் தரும் சாக்கில் ஒருவர் என்று நாள் நகர்ந்திருக்கும். உங்கள் மகனின் தெருவிலோ கேட் தானாகத் திறக்கிறது, கார் வெளியேறுகிறது, கேட் மூடிக்கொள்கிறது. அண்டை வீட்டுக் காரின் நிறம் தெரிந்திருக்கும், ஓட்டுபவரின் முகம் தெரிந்திருக்காது. தாமான் எனப்படும் இந்தக் குடியிருப்புப் பகுதிகளில் துணையை நாம்தான் வெளியே போய்த் தேடிக்கொள்ள வேண்டும். பகல் பத்து மணிக்கு வாசலில் நின்றால் யாரும் கிடைக்கமாட்டார்கள். காலை ஏழு மணிக்குப் பூங்காவிலும், அதன் பிறகு சந்தையிலும் பாருங்கள். ஒரே கடையில் ஒரு மாதம் கீரை வாங்கினால், அடுத்த மாதம் நீங்கள் வராத நாளில் கடைக்காரரே விசாரிப்பார்.

திரும்பிப் போவதைப் பற்றி முடிவெடுக்கும் முன், செந்தூலுக்குப் போய்வருவதை வழக்கமாக்கிக்கொள்ளலாம். உங்கள் பகுதி எம்ஆர்டி நிலையம் 2016 டிசம்பரிலிருந்து இயங்குகிறது. அங்கே ரயிலேறி மெர்டேக்கா நிலையத்தில் இறங்கி, இணைப்பு நடைபாதை வழியாகப் பிளாசா ராக்யாட் நிலையத்துக்கு மாறினால், செந்தூல் தீமோர் வரை ஒரே ரயில். 60 வயதைக் கடந்த குடிமக்களுக்கான சலுகை அட்டை இருந்தால் பாதிக் கட்டணம்தான். வாரத்தில் இரண்டு நாள் பழைய தோழிகளோடு ஒரு தேநீர் குடித்துவிட்டு மாலைக்குள் திரும்பினால், மகனிடம் விளக்கம் சொல்லவேண்டிய தேவையே வராது.

தமிழ் முகம் அரிது என்கிறீர்கள். உங்கள் தாமானை ஒட்டியுள்ள புக்கிட் கியாரா ஒருகாலத்தில் ரப்பர்த் தோட்டம். அங்கே பால்மரம் சீவியவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். அரசு அந்நிலத்தை எடுத்துக்கொண்ட பின், 1980களின் தொடக்கத்தில், தற்காலிகம் என்று சொல்லி அக்குடும்பங்களை வரிசை வீடுகளில் குடியேற்றினார்கள். அந்தத் தற்காலிகம் நாற்பது ஆண்டுகள் நீடித்தது. அவ்வீடுகள் தாமான் ரிம்பா கியாரா பூங்காவை ஒட்டியே இருக்கின்றன. பூங்கா நிலத்தில் வானளாவிய குடியிருப்புகளைக் கட்டுவதற்கு 2017இல் அனுமதி கொடுக்கப்பட்டபோது, உங்கள் தாமான்வாசிகள் வழக்குத் தொடுத்தார்கள். 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மரங்கள் தப்பின என்பதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அதே திட்டத்தில்தான் ஏறத்தாழ 100 தோட்டக் குடும்பங்களுக்கு உறுதியளிக்கப்பட்ட நிரந்தர வீடுகளும் சேர்க்கப்பட்டிருந்தன என்பதை நினைக்கும்போது அந்த மகிழ்ச்சி முழுமையாக இருப்பதில்லை. காலை நடைக்குப் போகும்போது அந்தப் பக்கமும் நடந்து பாருங்கள். உங்கள் வயதில் அங்கே சிலர் வாசலில் உட்கார்ந்திருப்பார்கள், தமிழில்தான் பேசுவார்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுக்கு எதிரே சாலையோரத்தில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் இருக்கிறது. கோலாலம்பூரில் மரம் விழுந்து ஒருவர் இறந்த செய்திக்குப் பிறகு, அதை வெட்டிவிட வேண்டும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். இலைகள் எங்கள் கூரைத் தண்ணீர்க் குழாயை அடைப்பதும் உண்மைதான். ஆனாலும் வெட்ட மனம் வரவில்லை.
– வாசகர், கிரீன் லேன், பினாங்கு

பதில்: ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் 2024 மே மாதம் நடந்த அந்த விபத்து யாரையும் அச்சுறுத்தக்கூடியதே. ஆனால் சாலையோர மரம் மாநகர் மன்றத்தின் பொறுப்பில் உள்ளது. நீங்களோ பக்கத்து வீட்டுக்காரரோ ஆள் வைத்து வெட்ட முடியாது. பினாங்கில் நடப்பிலுள்ள 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேற்பட்ட மரத்தை எழுத்துமூல அனுமதியின்றி வெட்டுவது பொதுவாகக் குற்றம். எனவே முதலில் மரத்தைச் சுற்றி ஒருமுறை நிதானமாக நடந்து பாருங்கள். அடிமரத்தில் காளான் முளைத்திருக்கிறதா, வேர்ப்பக்கத்து மண் வெடித்திருக்கிறதா, தட்டினால் பொள்ளல் ஓசை கேட்கிறதா, சாய்வு அண்மையில் கூடியிருக்கிறதா என்று கவனியுங்கள். இவற்றில் ஒன்று தென்பட்டாலும் படம் எடுத்து மாநகர் மன்றத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். வாய்மொழிப் புகார் எங்கே போகும் என்பது உங்களுக்கே தெரியும். எதுவும் தென்படாவிட்டால், கனத்த கிளைகளைக் கழிக்கும்படி மட்டும் கேட்டால் போதும். பெரும்பாலும் மரத்தைச் சாய்ப்பது அதன் வயது அன்று. காங்கிரீட் ஊற்றவும் கால்வாய் தோண்டவும் நாம் வேரை அறுப்பதுதான்.

இலை அடைத்த குழாய்தான் இதைவிட அவசரமானது. தேங்கிய நீரில் ஏடிஸ் முட்டை கொசுவாக ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒருமுறை ஏணி வைத்தே ஆக வேண்டும். உங்கள் வீட்டில் கொசுப்புழு கண்டுபிடிக்கப்பட்டால் 500 ரிங்கிட் வரை அபராதம் வரலாம். மாலை மங்கும்போது இலைகளை மூடிக்கொள்வதால் மலாய்க்காரர்கள் இந்த மரத்தைப் ‘புக்குல் லீமா’, அதாவது ஐந்து மணி மரம் என்கிறார்கள். ஒருநாள் அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரரை அழைத்து, அதன் அடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் தெருவின் தொடக்கத்தில் குடியிருப்பாளர் சங்கத்தார் தடுப்புக் கம்பமும் காவலரும் வைத்திருக்கிறார்கள். மாதச் சந்தா கட்டாத எங்களுக்கு மட்டும் காவலர் கம்பத்தைத் தூக்குவதில்லை. நாங்களே இறங்கித் தூக்க வேண்டியிருக்கிறது. இது முறையா?
– வாசகர், கோலாலம்பூர்

பதில்: நாகரிகமா என்று கேட்டால் இல்லை என்பேன். சட்டத்தைக் கேட்டால் விடை வேறு. கோத்தா டாமன்சாராவில் இதே போன்று எழுந்த வழக்கில், சந்தா கட்டாதவர் தாமே கம்பத்தைத் தூக்கிச் செல்வது ஒரு சிரமமே தவிர, வழிமறிப்பு ஆகாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்துவிட்டது. அதே வேளையில் அது பொதுச் சாலை. உங்களையோ விருந்தினரையோ உள்ளே விடமாட்டேன் என்று சொல்லவும், அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளவும் காவலருக்கு அதிகாரம் இல்லை. வசதி இருந்தால் சந்தாவைக் கட்டிவிடுங்கள் என்பதே என் யோசனை. பல தாமான்களில் பகல் முழுதும் தெருவில் இருக்கும் ஒரே ஆள் அந்தக் காவலர்தான். எந்த வீட்டுப் பாட்டி இன்று வாசலுக்கு வரவில்லை என்பது அவருக்குத்தான் தெரியும். கட்ட முடியாத நிலை என்றால், சங்கத் தலைவரிடம் காரணத்தை நேரில் சொல்லுங்கள். காவலரோடு மட்டும் வாக்குவாதம் வேண்டாம். கம்பத்தைத் தூக்காதே என்று அவருக்குச் சொன்னவர்கள் அந்தக் காவல் கூண்டுக்குள் இல்லை.