சொத்து யார் பேரில்? பழைய நாவல்களின் பெண்கள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்’ இப்போதுதான் முடித்தேன். மிஸஸ் பென்னட்டுக்கு மாப்பிள்ளை பிடிப்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. ஒரு பெண்ணே ஒரு தாயை இப்படிக் கேலிப்பொருளாக்கலாமா?

பதில்: கேலிதான், மறுக்கவில்லை. ஆனால் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். ஆண்டு வருமானம் 2,000 பவுண்டு, ஐந்து மகள்கள், மகன் இல்லை. ஆண் வாரிசுக்கு மட்டுமே போகும்படி கட்டிவைத்த சொத்து அது. அப்பா கண்ணை மூடினால் உறவுக்காரர் காலின்ஸ் வீட்டுக்குச் சொந்தக்காரர் ஆகிவிடுவார். அம்மாவும் பெண்களும் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான். இது தெரிந்தும் எதுவும் சேர்த்துவைக்காமல், நூலக அறையில் உட்கார்ந்து நக்கலடித்துக் காலம் தள்ளியவர் அப்பா. நாம் சிரிப்பதோ, பதறுகிற அம்மாவைப் பார்த்து. மகள் எலிசபெத்தின் தோழி, 27 வயது ஷார்லட் அந்த அசட்டுக் காலின்ஸையே கட்டிக்கொள்கிறாளே, அவளும் இதே கணக்கைத்தான் போட்டாள். பழைய நாவலைத் திறந்தால் சொத்து யார் பேரில் இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். குணநலன் எல்லாம் அப்புறம்.

கேள்வி: சார்லட் ப்ரான்ட்டியின் ‘ஜேன் ஐர்’ புரட்சி நாவல் என்கிறார்கள். கடைசியில் அவளும் முதலாளியைத்தானே மணக்கிறாள்?

பதில்: எப்போது மணக்கிறாள் என்று பாருங்கள். அப்பாவின் சகோதரர் விட்டுப்போன 20,000 பவுண்டு கைக்கு வருகிறது. உறவினர் மூவருக்கும் பங்கு கொடுத்து, தனக்கும் 5,000 வைத்துக்கொள்கிறாள். அதற்குப் பிறகே அந்த முதலாளி ரோசெஸ்டரைத் தேடிப் போகிறாள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. நாவல் வந்தது 1847இல். தனியாக ஒப்பந்தம் எழுதிக்கொள்ளாவிட்டால், கல்யாணமானதும் மனைவியின் பணம் கணவனுடையது என்பதுதான் அன்றைய இங்கிலாந்துச் சட்டம். 1870, 1882 சட்டங்கள் வந்த பிறகுதான் அது மாறியது.

கேள்வி: அப்படியானால் ரோசெஸ்டர் மாடியில் பூட்டிவைத்த அவருடைய முதல் மனைவி பெர்த்தா?

பதில்: அங்கேதான் இடிக்கிறது. கல்லூரி நாட்களில் ரோசெஸ்டர்மேல் எனக்கும் மயக்கம் இருந்தது. பெர்த்தாவை வெறும் பேயாகத்தான் படித்தேன். பல வருடம் கழித்து மறுபடி எடுத்தபோது, அவள் பேசுகிற இடங்களை மட்டும் தேடிப் பார்த்தேன். சிரிப்பு, உறுமல், அலறல். நேராக அவள் வாயிலிருந்து ஒரு வாக்கியம் கிடையாது. அவள் சொன்னதாக அவளுடைய சகோதரன் மேசன் ஒன்றைச் சொல்கிறான், அவ்வளவுதான். அவளோடு வந்த 30,000 பவுண்டு வரதட்சணைக்காகத் தன் அப்பாவும் அண்ணனும் முடித்துவைத்த கல்யாணம் அது என்று ரோசெஸ்டரே சொல்கிறார். பைத்தியம், குடி, ஒழுக்கக்கேடு என்று அவளைப் பற்றி நமக்குக் கிடைப்பதெல்லாம் கணவன் தரப்பு வாக்குமூலம். ஜேனுக்குக் கிடைத்த ‘நான்’ பெர்த்தாவுக்குக் கிடைக்கவில்லை. 1966இல் ஜீன் ரைஸ் ‘வைட் சர்காசோ சீ’ நாவலில் அவளைப் பேசவைத்தார். இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள்.

கேள்வி: ஃப்ளோபேரின் எம்மா பொவாரி, டால்ஸ்டாயின் அன்னா கரேனினா, ஹார்டியின் டெஸ் என்று எல்லாரும் சாகிறார்களே. ஆண்கள் எழுதினால் இப்படித்தானா?

பதில்: சாவைத் தண்டனையாக மட்டும் பார்த்தால் பாதிதான் படித்ததாக ஆகும். ‘அன்னா கரேனினா’ தொடங்குவதே அவள் அண்ணன் ஸ்டீவாவின் கள்ள உறவில். வீட்டில் கொஞ்ச நாள் சண்டை. சமாதானம் பேச ரயிலேறி வருபவள் அன்னா. அப்புறம் ஸ்டீவா வேலை, விருந்து என்று பழையபடி வலம் வருகிறான். அதே தவறை அன்னா செய்த பிறகு ஓபரா அரங்குக்குப் போனால், பக்கத்துத் தடுப்பிலிருந்த சீமாட்டி அவள் அருகில் உட்காருவதே அவமானம் என்று எழுந்து போகிறாள். அவள் காதலன் விரான்ஸ்கிக்கு எந்த வீட்டுக் கதவும் மூடவில்லை. டால்ஸ்டாய் பெண்களைப் பற்றி என்னென்னவோ சொன்னவர்தான். ஆனாலும் அண்ணனையும் தங்கையையும் இப்படி அருகருகே வைத்தவரும் அவரே.

டெஸ் கதையும் அப்படித்தான். முதலிரவில் கணவன் ஏஞ்சல் தன் பழைய தப்பை ஒப்புக்கொள்கிறான். அவள் உடனே மன்னிக்கிறாள். முன்பு ஒருவன் தன்னைக் கெடுத்ததை அவள் சொன்னதும், நான் காதலித்தது உன்னை அல்ல, உன் உருவில் இருந்த வேறொருத்தியை என்கிறான். சட்டமும் அவன் பக்கம்தான். இங்கிலாந்தில் 1857 சட்டப்படி மனைவியின் கள்ள உறவு ஒன்றே கணவனுக்கு விவாகரத்துக்குப் போதும். மனைவிக்கோ அது போதாது, கொடுமை, கைவிடல் என்று இன்னொன்றையும் நிரூபிக்க வேண்டும். 1923இல்தான் சமமானது.

கேள்வி: ‘லிட்டில் விமன்’ ஜோவாவது தனியாக இருந்திருக்கலாமே?

பதில்: அதை எழுதிய லூயிசா மே ஆல்காட்டும் அதைத்தான் விரும்பினார். யாரைக் கட்டிவைக்கப் போகிறீர்கள் என்று வாசகிகள் கடிதம்மேல் கடிதம் போட்டார்கள். பக்கத்து வீட்டு லாரிக்கு ஜோவைக் கொடுக்க மாட்டேன் என்று வீம்புக்கு ஒரு பேராசிரியரைப் பிடித்துவந்தார்.

கேள்வி: ஒரே ஒரு நாவல் சொல்லுங்கள், சார்லட் ப்ரான்ட்டி வேண்டாம்.

பதில்: சரி, தங்கை ஆன் ப்ரான்ட்டியின் ‘தி டெனன்ட் ஆஃப் வைல்ட்ஃபெல் ஹால்’, 1848. குடிகாரக் கணவனிடமிருந்து மகனைக் காப்பாற்ற, ஓவியம் விற்றுப் பிழைக்கலாம் என்று ஹெலன் ரகசியமாகத் திட்டமிடுகிறாள். கணவன் அவள் நாட்குறிப்பைப் பிடுங்கிப் படித்துவிடுகிறான். சாவிகளை வாங்கிக்கொண்டு, வண்ணங்கள், வண்ணத் தட்டு, தூரிகைகள் எல்லாவற்றையும் அடுப்புத் தீயில் போடுகிறான். சட்டப்படி அவையும் அவன் சொத்துதான். ஆன் இறந்த பிறகு இந்த நாவலை மறுபதிப்புச் செய்ய அக்கா சார்லட் விரும்பவில்லை. வாங்கும்போது தொடக்கத்தில் கதைசொல்லி கில்பர்ட் தன் நண்பன் ஹால்ஃபோர்டுக்கு எழுதிய கடிதம் இருக்கிறதா என்று பாருங்கள். அதை வெட்டிவிட்ட பழைய பதிப்புகளும் சுற்றுகின்றன.