பழைய பிரெஞ்சு ஃபிரேமில் புது கிராங்க் செட்: முதலில் அந்த பைப்பைக் கீழே வையுங்கள்

புதுச்சேரி முத்தியால்பேட்டை வாசகர் ஒருவரின் கேள்வி இது. பக்கத்து வீட்டு பிரெஞ்சுக்காரர் ஊருக்குக் கிளம்பும்போது தன் பழைய பெஜோ சைக்கிளை இவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார், 1970களில் வாங்கியதாம். காட்டர் பின் (கிராங்கை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் ஆப்பு) அடித்த பழைய கிராங்கை, அதாவது பெடல் மாட்டும் கையைக் கழற்றிவிட்டு, ஆன்லைனில் ஷிமானோ ஹாலோடெக் கிராங்க் செட் ஒன்றும் அதற்கான பிபி கப்பும் வாங்கியிருக்கிறார் (பிபி என்றால் பாட்டம் பிராக்கெட், கிராங்கின் அச்சு சுழலும் பேரிங் பகுதி; அதை ஃபிரேமில் திருகிப் பிடிக்கும் வளையம்தான் கப்). "இடது பக்கக் கப் மூன்று சுற்று போய் இறுகி நின்றுவிடுகிறது. வலது பக்கம் மரையே பிடிக்கவில்லை. மெக்கானிக் அண்ணன், ஸ்பானரில் பைப் மாட்டி ஒரே அழுத்தாக அழுத்தினால் ஏறிவிடும் என்கிறார். இன்னொருவர் லேத்தில் கொடுத்து மரை வெட்டிவிடலாம் என்கிறார். எது சரி?"

இரண்டுமே சரியில்லை. உங்கள் ஃபிரேமில் இருப்பது பிரெஞ்சு மரை, நீங்கள் வாங்கியிருப்பது இங்கிலீஷ் மரைக் கப். பைப் போட்டு அழுத்தினால் ஏறாது என்று சொல்லமாட்டேன், ஏறும், அதுதான் வம்பே. கப் அலுமினியம், ஃபிரேம் இரும்பு. அலுமினிய மரை வழித்துக்கொண்டு கோணலாகப் போய் உட்காரும், இரண்டு நாள் ஓட்டியதும் ஆடும், அப்புறம் அதைக் கழற்றும்போது ஃபிரேமின் மரையையும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டுதான் வெளியே வரும்.

நுணுக்கமெல்லாம் வேண்டாம், இவ்வளவு தெரிந்தால் போதும். இங்கிலீஷ் அளவு 1.37 அங்குல விட்டம், மில்லியில் சொன்னால் 34.8, அங்குலத்துக்கு 24 மரை. பிரெஞ்சு அளவு 35 மில்லி, ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் சரியாக 1 மில்லி. இங்கிலீஷில் அந்த இடைவெளி 1.06 வரும். வித்தியாசம் ஒன்றுமே இல்லை போலத் தோன்றும், அதனால்தான் இடது பக்கம் இரண்டு மூன்று சுற்று ஏமாற்றி உள்ளே விடுகிறது, பிறகு பல்லோடு பல் மோதி நின்றுவிடுகிறது. வலது பக்கக் கதையே வேறு. இங்கிலீஷ் பிபியில் வலது கப் எதிர் மரை, கடிகாரம் ஓடும் திசைக்கு எதிராகத் திருகினால்தான் இறுகும். பிரெஞ்சில் இரண்டு பக்கமும் சாதாரண மரைதான். எதிர் மரைக் கப்பை அதில் வைத்து எந்தப் பக்கம் சுற்றினாலும் பிடிக்காது. நீங்கள் சொன்ன இரண்டு அறிகுறியும் ஒன்றாக இருப்பதை வைத்தே, ஃபிரேமைப் பார்க்காமல் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

ஆனாலும் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள், வெர்னியர்கூடத் தேவையில்லை. கழற்றிய பழைய கப்பையும் புதுக் கப்பையும் துடைத்து, மரையோடு மரை பொருந்துகிற மாதிரி பக்கவாட்டில் ஒட்டி வைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஒரே மரையாக இருந்தால் வெளிச்சம் கசியாமல் கடைசிவரை கவ்வி உட்காரும். வேறு வேறாக இருந்தால் ஒரு முனையில் உட்கார்ந்து, மறுமுனையில் பல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வெளிச்சம் தெரியும். பழைய கப்பின் முகத்தில் அழுக்குக்கு அடியில் 35×1 என்று பொறித்திருந்தாலும் இருக்கும், மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துப் பாருங்கள்.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சொல்லியே ஆகவேண்டும், விவரம் தெரிந்தவர்களே கவிழ்கிற இடம் இது. சுவிஸ் மரை என்று ஒன்று இருக்கிறது. அளவு அச்சு அசலாகப் பிரெஞ்சுதான், 35 மில்லி, 1 மில்லி இடைவெளி, ஆனால் வலது கப் மட்டும் இங்கிலீஷ் மாதிரி எதிர் மரை. 1970களின் கடைசியிலும் 80களின் தொடக்கத்திலும் வந்த மொட்டோபெக்கான், சில பெஜோ ஃபிரேம்களில் இது உண்டு. கப்பைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை முறை அளந்தாலும் பிரெஞ்சு என்றுதான் காட்டும். பிரெஞ்சுதானே என்று நினைத்து வலது கப்பை வழக்கமான பக்கம் திருப்பிக் கழற்றப் பார்த்தால், கழற்றுவதற்குப் பதில் இறுக்கிக்கொண்டிருப்பீர்கள். ஸ்பானர் வழுக்கி, கப்பின் இரண்டு பக்கத் தட்டை விளிம்பும் உருண்டு போகும், அதோடு அதைப் பிடிக்க எதுவும் மிஞ்சாது. கடல் காற்று பட்டே நின்ற சைக்கிளாக இருந்தால் துருவும் சேர்ந்துகொள்ளும். ஆகவே பழைய பிரெஞ்சு சைக்கிள் எதுவானாலும் வலது கப்பை முதலில் ஒரு பக்கம் லேசாக அசைத்துப் பாருங்கள், அசையாவிட்டால் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவிட்டு மறுபக்கம் பாருங்கள். உங்கள் விஷயத்தில் இந்தக் கவலை இல்லை, சுவிஸாக இருந்தால் வலது பக்கமும் இரண்டு சுற்றாவது பிடித்திருக்கும். இத்தாலி மரையாக இருந்தால் உங்கள் கப் தொளதொளவென்று உள்ளே விழுந்திருக்கும், அதை விடுங்கள்.

இப்போது விற்கிறவர்களைப் பற்றி. ஆன்லைன் பட்டியலில் கேட்பது ஒன்றே ஒன்று: ஷெல் (ஃபிரேமில் பிபி உட்காரும் குழாய்) அகலம் 68 மில்லியா, 73 மில்லியா? நீங்களும் ஸ்கேல் வைத்து அளந்திருப்பீர்கள், 68 வந்திருக்கும், சந்தோஷமாக ஆர்டர் போட்டிருப்பீர்கள். பிரெஞ்சு ஷெல்லும் 68தான், இங்கிலீஷ் ஷெல்லும் 68தான்! அகலம் பொருந்துவதால் மரை பொருந்திவிடாது. இதை ஒரு வரி எழுதிப் போட விற்பவருக்கு என்ன கேடு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. பி.எஸ்.ஏ என்று பெட்டியில் போட்டிருப்பதும் நம்மூர் பி.எஸ்.ஏ சைக்கிளுக்கு என்ற அர்த்தத்தில் இல்லை, இங்கிலீஷ் மரை என்பதற்கு அதுதான் வழக்கமான பெயர். "எல்லா சைக்கிளுக்கும் பொருந்தும்" என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் பொருந்தும் பிபி என்று ஒன்று கிடையாது, கம்பெனிகள் இருக்கவும் விடமாட்டார்கள். மரை வேண்டாம், அழுத்திச் செருகினால் போதும் என்று புதிதாக ஆரம்பித்தார்களே, அதிலாவது ஒரே அளவு வைத்தார்களா? ஒன்றுக்கு 41 மில்லி ஓட்டை, ஒன்றுக்கு 42, ஒன்றுக்கு 46. அச்சு ஒருவருக்கு 24 மில்லி, ஒருவருக்கு 30, ஸ்ராம் கம்பெனி 2018இல் கொண்டுவந்ததோ 28.99! வாங்குகிறவன் தலையில் கட்டத்தானே இதெல்லாம்.

அடுத்தது புதுச்சேரிக்கே உரிய ஆபத்து. பழைய பிரெஞ்சு சைக்கிள் என்றதும் எங்கிருந்தோ முளைக்கிற தரகர்கள். "இந்த இரும்புக் கப்பை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறீர்கள், எடைக்குப் போடுங்கள், நானே எடுத்துக்கொள்கிறேன்" என்பார்கள். கொடுத்துவிடாதீர்கள். பிரெஞ்சு மரைக் கப் பிரான்சிலேயே தேடித்தான் வாங்கவேண்டும். இன்று உங்களிடம் சும்மா வாங்கியவர், அடுத்த மாதம் இன்னொரு பெஜோக்காரரிடம் அதே கப்பை என்ன விலைக்குத் தள்ளுவார் என்று உங்களுக்கே தெரியும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்துத் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவர்களிடம் பொருளின் படத்தையும் பெட்டியில் அச்சான அளவையும் முதலில் வாங்குங்கள். நீங்களே வரவழைத்தாலும் சுங்க வரி ஒரு பக்கம், அதைக் கட்டிக்கொடுத்ததற்கு கூரியர்காரரின் தனிக் கட்டணம் ஒரு பக்கம். உள்ளங்கையில் அடங்குகிற இரும்பு வளையத்துக்கு அதன் விலையைவிட அதிகம் அழவேண்டி வந்தாலும் ஆச்சரியமில்லை.

லேத் விஷயத்துக்கு வருகிறேன். லேத்காரர் திறமைசாலியாகவே இருக்கட்டும். பிரெஞ்சு ஷெல்லில் இங்கிலீஷ் மரை வெட்ட முடியாது, ஏனென்றால் ஓட்டை ஏற்கெனவே பெரிது, வெட்ட இரும்பு இல்லை. வலது பக்கமோ இருக்கிற மரைக்கு எதிர்த்திசையில் வெட்டவேண்டும், குறுக்கும் நெடுக்குமாக வெட்டுப்பட்டு இரண்டு மரையும் இல்லாமல் போகும். சில பட்டறைகளில் புஷ் (உள்வளையம்) அடித்து வெல்டு வைத்துத் தருகிறேன் என்பார்கள். அந்த இடத்தில் இரண்டு குழாய்களும் பின்பக்கக் கம்பிகளும் ஒன்றுசேர்கின்றன, பித்தளை ஊற்றிச் சேர்த்த பழைய ஃபிரேமில் வெல்டு சூடு ஏற்றினால் இணைப்பே கெட்டுப்போகும். உருப்படியான வெட்டு ஒன்றே ஒன்றுதான்: இத்தாலி அளவு, 36 மில்லி, அதற்கு ஹாலோடெக் கப்பும் கிடைக்கும். ஆனால் அதற்கு இரண்டு பக்கமும் ஒரே நேர்கோட்டில் வழிகாட்டி வைத்து வெட்டுகிற தனி டேப் (மரை வெட்டும் கருவி) செட் வேண்டும். அது கையில் இருக்கிறது என்று காட்டினால் கொடுங்கள், "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்றால் ஃபிரேமைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். ஒருமுறை வெட்டினால் திரும்பப் போக வழியில்லை.

சரி, என்னதான் செய்வது? கிராங்க் செட்டைத் திருப்பி அனுப்புங்கள், கெடு முடிவதற்குள், இன்றைக்கே. மூன்று சுற்று ஏறிய அந்த இடது கப்பில் மரை நசுங்கியிருந்தால் அதைத் திரும்ப எடுக்கமாட்டார்கள், அது போனால் போகட்டும். கிராங்க் மாட்டப்படவே இல்லை, அதையாவது எடுப்பார்களா என்று கேளுங்கள்.

பிறகு ஃபிரேமுக்கு இரண்டு வழி. சிக்கனமானது, பழைய கப், பழைய அச்சு, பழைய கிராங்கையே திரும்பப் போடுவது. கப்பின் உள்பாதையில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள், பள்ளம் தட்டாவிட்டால் இன்னும் பல வருஷம் ஓடும். கால் அங்குல பால்ரஸ் பக்கத்துக்கு 11, நல்ல கிரீஸ், தீர்ந்தது. காட்டர் பின் மட்டும் பார்த்து வாங்குங்கள், பிரெஞ்சு கிராங்குக்குப் பெரும்பாலும் 9 மில்லி பின், 9.5 மில்லி பின்னைச் சுத்தியலால் அடித்து ஏற்றவேண்டாம், அரத்தால் தேய்த்துப் பொருத்துங்கள். காட்டர் கிராங்கே வேண்டாம் என்றால், மரையை நம்பாமல் ஷெல்லுக்குள் விரிந்து பிடிக்கிற கார்ட்ரிட்ஜ் பிபி (அச்சும் பேரிங்கும் ஒன்றாக மூடி வருவது) இருக்கிறது, சதுர அச்சு, 68 மில்லி ஷெல்லுக்கானது. அதற்கு சதுரத் துளை கிராங்க் வேண்டும், முதலில் கிராங்கை முடிவு செய்து, அது கேட்கிற அச்சு நீளம் 110ஆ, 113ஆ, 118ஆ என்று பார்த்த பிறகே பிபி வாங்குங்கள். மாற்றி வாங்கினால் செயின் கோணலாக ஓடும். இன்னொன்று, உங்கள் பழைய பெடலின் மரையும் பிரெஞ்சாக இருக்க வாய்ப்பு அதிகம், புது கிராங்கில் சரியாகப் பிடிக்காமல் தளர்வாக நிற்கும், ஏறிவிட்டதே என்று நம்பி ஓட்டிவிடாதீர்கள்.

பழைய கப்பைத் திரும்ப மாட்டுவதற்கு முன்னால் இடது ஓட்டையின் முதல் மூன்று மரையை டார்ச் அடித்துப் பாருங்கள். நசுங்கல் இருந்தால் வயர் பிரஷ் போட்டு, எண்ணெய் விட்டு, பழைய இடது கப்பையே வெறும் கையால் அரைச் சுற்று உள்ளே, கால் சுற்று வெளியே என்று பொறுமையாக விடுங்கள், மரை தானாக வழிக்கு வரும். வலது கப்பை மட்டும் கையில் இருக்கிற பலத்தையெல்லாம் போட்டு இறுக்குங்கள், அங்கே பைப் போட்டால்கூட நான் கேட்கமாட்டேன், பிரெஞ்சு மரையில் மிதிக்க மிதிக்க அந்தக் கப் தானாகவே கழலப் பார்க்கும். ஆரோவில் வரைக்கும் ஒரு நடை போய்வந்ததும் மறுபடி ஸ்பானரை வைத்துப் பாருங்கள், நகர்ந்திருந்தால் கழற்றிக் கிரீஸைத் துடைத்துவிட்டு, மரையில் லாக்டைட் (மரை கழலாமல் பிடிக்கும் பசை) தடவி மாட்டுங்கள்.