துடிப்பு 110-ஐத் தாண்டவில்லை என்று கேட்ட ஐயாவுக்கு

வேகத்தைக் கூட்டாதீர்கள் ஐயா. இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்த பிறகு, 62 வயதில், கிருஷ்ணகிரி அணைச் சாலையில் ஓடும்போது கைக்கடிகாரத்தில் துடிப்பு 110-ஐத் தாண்டவில்லை, கால்கள் கனக்கின்றன என்கிறீர்கள். பெரும்பாலும் மாத்திரைதான் காரணம்.

மருந்துச் சீட்டைப் பாருங்கள். மெட்டோப்ரோலால், பைசோப்ரோலால், அடினோலால் என்று ‘லால்’ என முடியும் பெயர் இருக்கிறதா? அவை இதயத் துடிப்பை ஏறவிடாமல் பிடித்துவைக்கும். அதிகபட்சத் துடிப்பை அறிய 220-இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு அப்போது பொருந்தாது.

கடிகாரத்தை விட்டுவிட்டு, ஓடியபடியே ஒரு முழு வாக்கியம் பேசிப் பாருங்கள். திணறாமல் பேச முடிந்தால் அந்த வேகம் போதும். முடியாவிட்டால் நடங்கள், மூச்சு அடங்கியதும் மெதுவாகத் தொடருங்கள்.

மனைவி இறந்த பிறகு தூக்கமே இல்லை என்பதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. தூக்கமும் நேரத்துக்குச் சாப்பாடும் இல்லாவிட்டால் கால் கனக்கத்தான் செய்யும். தூங்காத இரவுக்கு மறுநாள் நடை மட்டும் போதும், அதுவும் துணையோடு. மனைவியையும் மகனையும் இழந்த பின்னர்தான் மாரத்தான் ஓட்டக்காரர் ஃபௌஜா சிங் முதுமையில் ஓட்டத்துக்குத் திரும்பினார். 2000-இல் லண்டன் மாரத்தானை முடித்தார். உங்களுக்கும் அவசரம் தேவையில்லை.

மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. திடீரென நிறுத்துவது ஆபத்து. தூரத்தைக் கூட்டும் முன் இதய மருத்துவரிடம் டிரெட்மில் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். நெஞ்சு இறுக்கமோ, தாடையிலோ இடது கையிலோ வலியோ, தலைசுற்றலோ வந்தால் அங்கேயே உட்கார்ந்து 108-ஐ அழையுங்கள்.