காத்தாடி அடித்தளத்துக்கு எங்க கிணத்துத் தண்ணி குடுக்கலாமா?

கேள்வி: அண்ணே, எங்க பனங்காட்ட ஒட்டி கரண்டு எடுக்குற காத்தாடிக்குக் குழி தோண்டியிருக்காங்க, வட்டமா ஊரணி மாதிரி கெடக்கு. கான்க்ரீட்டுக்கும் அப்புறம் நனைக்கவும் எங்க கிணத்துத் தண்ணிய லாரிக் கணக்குல விலை பேசுறாங்க. தண்ணி லேசா உப்புக் கரிக்கும். குடுக்கலாமா? ராத்திரி பூரா போடுவோம்ங்குறாங்களே, அது ஏன்?
- வாசகர், சாயல்குடி

பதில்: டெஸ்ட் பண்ணாம குடுக்காதீங்க தம்பி. காசு வருதேன்னு பாக்காதீங்க. கம்பி போட்ட கான்க்ரீட்டுக்கு ஊத்துற தண்ணியில உப்புல இருக்குற குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாதுன்னு கான்க்ரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456லயே இருக்கு, கடல் தண்ணிய கலக்கவும் நனைக்கவும் வேணாம்னும் அதுலயே சொல்லியிருக்கு. எங்க ஊர்ல உப்புத்தண்ணியில கட்டுன ஒரு மோட்டார் ரூம், லிண்டலுக்கு அடியில விரல வச்சா கான்க்ரீட் பொரை பொரையா உதிரும், உள்ள கம்பி துரு ஏறி ஊதி வெளிய தள்ளிருக்கு. அது சின்ன ரூம், இடிச்சுக் கட்டிக்கலாம். காத்தாடி அடித்தளம் மண்ணுக்குள்ள போயிரும், துரு புடிச்சா கண்ணுக்கே தெரியாது, மேல இருக்குற கோபுரத்த 20 வருசம் காத்து அசைச்சுக்கிட்டே இருக்கும், ஒரு பக்கம் அமுக்கும், எதுத்த பக்கம் தூக்கப் பாக்கும், அந்த இழுவைய தாங்குறது அந்தக் கம்பியும் நடுவுல வட்டமா நிக்கிற போல்ட்டுங்களும்தான்.

ராத்திரி விசயம் சரிதான். பெரிய காத்தாடின்னா ஒரு அடித்தளத்துக்கே 400 கன மீட்டர் கிட்ட ஆகும், மிக்ஸர் லாரிக்கு 6ன்னு வச்சாலும் 65 லோடுக்கு மேல. நடுவுல நின்னா போட்டது இறுகிரும், அதுமேல புதுசு ஒட்டாது, அந்த எடம்தான் பின்னாடி விரியும். அதனால ஒரே மூச்சுல போட்டாகணும். சிமெண்ட் இறுகையில தானா சூடாகும், இவ்வளவு கனத்துல நடுப்பகுதி கொதிக்கும், வெளிப்பக்கம் ஆறிரும், அந்த வித்தியாசத்துல வெடிப்பு விடும். நம்ம வெயில்ல பகல்ல போட்டா இன்னும் மோசம். ராத்திரி போடுறது, தண்ணியோட ஐஸ் சேக்குறது, இரும்பு உருக்கையில வர்ற கசடு (ஸ்லாக்) கலந்த சிமெண்ட் போடுறது எல்லாம் இதுக்குத்தான். அந்தக் கசடு சிமெண்ட் உப்பு உள்ள எறங்குறதையும் மட்டுப்படுத்தும், கடல் ஓரத்துக்கு அதான் நல்லது.

மோட்டார கொஞ்ச நேரம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டில்ல புடிச்சு லேப்ல குடுங்க. ரிசல்ட்ட சைட் இன்ஜினியர் கையிலயே குடுங்க, விலை பேச வந்தவர்கிட்ட மட்டும் குடுத்துட்டு வராதீங்க. மழைக்கு அப்புறம் எடுத்த ரிப்போர்ட் சித்திரை வெயிலுக்கு செல்லாது தம்பி, கோடையில உப்பு ஏறும், போடுற வாரத்துல எடுங்க.