மருத்துவர் பதில்: எடை இறங்கியது, முடியும் சேர்ந்து இறங்குகிறதே?

கேள்வி: எனக்கு வயது 36. தோட்டத்தில் பிறந்தவள், இப்போது சுங்கை சிப்புட் டவுனில் குடியிருக்கிறேன். ஐந்து மாதத்துக்கு முன் ஈப்போவில் இரைப்பையைச் சுருக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டேன். 118 கிலோ இருந்தவள் இப்போது 91. இனிப்பு நீர் மாத்திரையும் பாதியாகக் குறைந்துவிட்டது. ஆனால் ஒரு மாதமாக முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. சின்ன வெங்காயச் சாறு தடவினேன், பயோட்டின் மிட்டாய் சாப்பிடுகிறேன், பலன் இல்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த விட்டமின் மாத்திரை குமட்டியதால் இரண்டாம் மாதத்தோடு விட்டுவிட்டேன். காலையில் தே தாரிக், இரண்டு பிஸ்கட். மத்தியானம் நாலு வாய் ரசம் சோறு. ராத்திரி பாலில் மைலோ. கோழி வாடையே ஆகவில்லை. வாரத்தில் இரண்டு தடவையாவது வாந்தி வருகிறது. தைப்பூசத்துக்கு விரதமிருந்து முடி காணிக்கை கொடுத்தால் நன்றாக வளரும் என்கிறார் மாமியார். மொத்தமும் கொட்டிவிடுமா டாக்டர்? ஆபரேஷனே செய்திருக்கக் கூடாதோ?

பதில்: மொத்தமும் கொட்டாது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மீதியை நிம்மதியாகப் படிக்கலாம்.

என் கிளினிக்குக்கு உதிர்ந்த முடியைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. மேசைமேல் பையை வைத்துவிட்டு என் முகத்தையே பார்ப்பார்கள். நான் அதிலிருந்து ஒரு முடியை எடுத்து, கறுப்பு அட்டைமேல் வைத்துக் காட்டுவேன். நீங்களும் செய்து பாருங்கள். தலைப்பக்க நுனியில் குண்டூசித் தலையைவிடச் சின்னதாக ஒரு வெள்ளைக் குமிழ் தெரியும். 'வேரோடு வந்துவிட்டதே' என்று அதைப் பார்த்துத்தான் பலரும் பயப்படுகிறார்கள். அது வேர் இல்லை. வளர்ச்சி முடிந்து ஓய்வுக்குப் போன முடியின் அடிநுனி அப்படித்தான் இருக்கும். புது முடியை முளைக்கவைக்கும் பகுதி தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது.

நம் தலையில் ஒவ்வொரு முடிக்கும் தனித்தனி நாள்காட்டி. இரண்டு வருடத்திலிருந்து ஏழு வருடம்வரை வளரும், இரண்டு மூன்று வாரத்தில் வளர்ச்சியை நிறுத்தும், அப்புறம் மூன்று மாதம்போல ஓய்வில் கிடந்து உதிரும். சாதாரணமாகப் பத்தில் ஒன்று, மிஞ்சினால் ஒன்றரை பங்கு முடிதான் ஓய்வில் இருக்கும். நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்ந்தாலும் நாம் கவனிப்பதில்லை.

நீங்கள் தோட்டத்தில் வளர்ந்தவர், ரப்பர் மரம் இலை கொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். மற்ற மாதமெல்லாம் பச்சையாக நிற்கும் மரம், வறண்ட மாதங்கள் வந்தால் சொல்லிவைத்த மாதிரி மொத்த இலையையும் கீழே போட்டுவிடும். பால் குறையும். மரம் செத்துவிட்டது என்று யாரும் வெட்டப் போவதில்லை. சில வாரத்தில் செம்பு நிறத்தில் துளிர் வரும். உங்கள் தலையில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். பெரிய ஆபரேஷன், அதைத் தொடர்ந்து வேகமான எடை இறக்கம், திடீரென்று சுருங்கிய சாப்பாடு. இத்தனையையும் சமாளிக்க வேண்டிய உடம்பு, உயிருக்கு அவசியமில்லாத செலவை முதலில் நிறுத்துகிறது. முடி அந்தக் கணக்கில் வருகிறது. தனித்தனியாக ஓய்வுக்குப் போக வேண்டிய முடிகள் ஒரே சமயத்தில் போய்விடுகின்றன. மூன்று மாதம் கழித்து ஒரே சமயத்தில் விழுகின்றன. எடைகுறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் பாதிப் பேருக்கு மேல் இதைப் பார்க்கிறார்கள். யாரும் உங்களுக்கு முன்கூட்டியே சொல்லவில்லை என்றால் அது சொல்லாதவர்கள் செய்த பிழை.

ஆக, இன்று சீப்பில் வருவது சென்ற பருவத்துக் கணக்கு. ஆபரேஷனை ஒட்டிய நாள்களில் வளர்ச்சி நின்ற முடிதான் இப்போது விழுகிறது. போன வாரம் தடவிய வெங்காயச் சாற்றால் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. வழக்கமாக இந்த உதிர்வு மூன்றாம், நான்காம் மாதத்தில் ஆரம்பித்து, பிறகு சில மாதங்களில் தானாகவே தணியும். 9 முதல் 12 மாதத்துக்குள் புது முடி கண்ணுக்குத் தெரியும். அந்தச் சமயத்தில் யார் எந்த எண்ணெயை விற்றிருந்தாலும் பெயர் அந்த எண்ணெய்க்குப் போய்விடும். இந்த ஊர் பாசார் மாலாமில், அதுதான் இரவுச் சந்தையில், அப்படிப் பெயர் வாங்கிய பாட்டில்கள் நிறைய!

ஆனால் 'தானாகவே தணியும்' என்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. முளைக்கப் போகும் முடிக்கு உடம்பில் சரக்கு இருக்க வேண்டும். உங்கள் சாப்பாட்டைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தே தாரிக், பிஸ்கட், ரசம் சோறு, மைலோ எல்லாம் சேர்ந்து புரதம் 20 கிராமைத் தாண்டாது. உங்களுக்கு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் வேண்டும். 70, 80 வந்தால் நல்லது. முடி முழுக்கப் புரதம்தான். உடம்பிலேயே பற்றாக்குறை என்றால் தலைக்கு எப்படிப் போகும்?

கோழி வாடை ஆகவில்லை என்றால் கோழியை விட்டுவிடுங்கள், கட்டாயமில்லை. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு வாசனையும் ருசியும் மாறுவது சகஜம். நம் ஊரில் வேறு வழிகள் இருக்கின்றன. காலையில் மெத்தென்று வெந்த ஒரு முட்டையும் ஒரு கிளாஸ் பாலும் என்றால் 13 கிராம்போல ஆகிவிடும். பத்து மணிக்குச் சர்க்கரை சேர்க்காத புரதப் பொடி ஒரு கரண்டி, 20 கிராம். மத்தியானம் கெம்போங் மீன், உள்ளங்கையில் பாதி அளவு, வறுக்காமல் புளிக்குழம்பில் போட்டு முள் நீக்கி: 13. சாயங்காலம் தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி) 50 கிராம், ஆவியில் வேகவைத்து மெத்தென்று ஆக்கி: 9. ராத்திரி கெட்டியான பருப்பு அரைக் கிண்ணம், கூட ஒரு முட்டை: 14. கூட்டினால் 69. தாஹூ, தயிர், டின் சார்டின் என்று மாற்றிக்கொள்ளலாம். தட்டில் எதை வைத்தாலும் புரதத்தை முதலில் சாப்பிடுங்கள். சோறு கடைசி. நாலு வாய் ரசம் சோறு முதலில் உள்ளே போய்விட்டால் மீனுக்கு இடம் இருக்காது. அந்தச் சின்ன இரைப்பையில் இடம்தான் பிரச்சினை. சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம், அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

தே தாரிக்கைப் பற்றி ஒரு வார்த்தை. தேயிலையில் உள்ள டானின் இரும்புச் சத்தை உடம்பு உறிஞ்சவிடாமல் தடுக்கும். கண்டன்ஸ்டு மில்க் போட்ட சர்க்கரை வேறு. அடியோடு நிறுத்தச் சொன்னால் நீங்கள் கேட்கமாட்டீர்கள், எனக்கே முடியாத காரியம் அது. சாப்பாட்டுக்கும் இரும்பு மாத்திரைக்கும் ஒரு மணி நேரமாவது தள்ளி, சீனி குறைத்துக் குடியுங்கள்.

அடுத்து ரத்தப் பரிசோதனை. அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டி டாக்டரைப் பாருங்கள். அங்கே எடுக்க வசதி இல்லாத பரிசோதனைகளை ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியில் கேளுங்கள். ரத்த அளவோடு (ஹீமோகுளோபின்) ஃபெரிட்டினையும், அதாவது உடம்பின் சேமிப்பு இரும்பைக் காட்டும் எண்ணையும், கேட்டு வாங்குங்கள். ரத்த அளவு சரியாக இருந்தும் சேமிப்பு இரும்பு காலியாக இருப்பது மாதவிலக்கு வருகிற பெண்களிடம் சர்வசாதாரணம். வீட்டில் ஒரு வேளை அரிசி இருந்து மூட்டை காலியாவது போல. பி12, ஃபோலேட், விட்டமின் டி, துத்தநாகம், அல்புமின், தைராய்டு இவையும் வேண்டும். இரும்பு குறைவு என்று உறுதியான பிறகு இரும்பு மாத்திரை போடுங்கள். கால்சியம் மாத்திரையோடு சேர்த்து விழுங்காதீர்கள், இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள்.

பரிசோதனைக்குப் போகுமுன் அந்தப் பயோட்டின் மிட்டாயைக் குறைந்தது மூன்று நாள் நிறுத்துங்கள். அதிக அளவு பயோட்டின் ரத்தத்தில் இருந்தால் தைராய்டு முடிவு தவறாக வரலாம். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் பரிசோதனையையே குழப்பிவிடும். பயோட்டின் குறைபாடு இல்லாதவருக்கு அதை அள்ளிக் கொடுத்து முடி வளர்ந்ததாகத் தகுந்த ஆதாரமும் கிடையாது. விட்டமின் ஏ, செலினியம் இரண்டும் அளவு மீறினால் அவையே முடியைக் கொட்டவைக்கும். துத்தநாகத்தை இஷ்டத்துக்கு விழுங்கினால் செம்பு குறைந்துபோகும். ஆகவே மூன்று நான்கு டப்பாக்களை அடுக்க வேண்டாம். ஆஸ்பத்திரி சொன்ன அந்த ஒரு முழு மல்டிவிட்டமினுக்குத் திரும்புங்கள். குமட்டினால் மெல்லும் மாத்திரையாகக் கேளுங்கள், சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள். ஜெல்லி மிட்டாய் வகை விட்டமின்களில் பெரும்பாலும் இரும்பு இருக்காது. ஸ்லீவ் செய்தவருக்கு இந்த மாத்திரை ஆயுள் முழுக்க. அதை இரண்டாம் மாதத்தில் நிறுத்தியதுதான் நீங்கள் செய்த உண்மையான தவறு. ஆபரேஷன் செய்துகொண்டதில் தவறில்லை. 27 கிலோ குறைந்து, இனிப்பு நீர் மாத்திரையும் பாதியான பிறகு முடிக்காக வருத்தப்படுங்கள், ஆபரேஷனுக்காக வேண்டாம்.

சரி, உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்த வரி வேறு. வாரத்தில் இரண்டு தடவை வாந்தி. ஐந்தாம் மாதத்தில் அது வழக்கமில்லை. அவசரமாகச் சாப்பிடுவதாக இருக்கலாம், இரைப்பை ஓரிடத்தில் குறுகியிருக்கலாம். உடம்பில் விட்டமின் பி1 சேமிப்பு சில வாரங்களுக்குத்தான் தாங்கும். வாந்தியும் விட்டமின் நிறுத்தமும் சேர்ந்தால் ஆபத்து. இந்த வாரமே ஆபரேஷன் செய்த டாக்டருக்குப் போன் போடுங்கள். கால் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது, பார்வை இரண்டாகத் தெரிவது, மறதி, குழப்பம் இவற்றில் எது வந்தாலும் அன்றே எமர்ஜென்சிக்குப் போய், 'இரைப்பை ஆபரேஷன் செய்தவள், வாந்தி இருக்கிறது' என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் பி1 கொடுக்க வேண்டியிருக்கும், அதற்காகத்தான்.

மாமியாரின் யோசனைக்கு வருவோம். மொட்டை அடித்தால் முடி அடர்த்தியாக வளராது, குறையவும் செய்யாது. கத்தி தோலுக்கு மேலே ஓடுகிறது, முளைப்பது கீழே. நேர்ந்துகொண்டிருந்தால் ஈப்போ குனோங் சீரோ கோயிலிலோ பத்துமலையிலோ மனநிறைவோடு காணிக்கை கொடுங்கள், மருத்துவ ரீதியில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நாளுக்கு ஒரே வேளை சாப்பிடும் விரதம் மட்டும் இந்த வருடம் கூடாது. 20 கிராம் புரதம் 10 கிராமாக இறங்கினால் அடுத்த பருவத்து முடியையும் சேர்த்தே காணிக்கையாக்கிவிடுவீர்கள். மாமியாரிடம் டாக்டர் தடுத்தார் என்று என்மேல் பழியைப் போடுங்கள். சைவம்தான் என்று அவர் நின்றால் பால், தயிர், தெம்பே, பருப்பு, புரதப் பொடி வைத்து 60 கிராமை எட்டலாம்.

இடைப்பட்ட மாதங்களில் முடியைத் தோள்வரை வெட்டிவிட்டால் மெலிந்தது அவ்வளவாகத் தெரியாது. வகிட்டை மாற்றி எடுங்கள். கல்யாண வீட்டுக்குக் கனமான சவுரி வைத்து இறுக்கிப் பின்னினால் இருக்கிற முடியும் இழுபட்டு வரும். இலேசாக முடிந்து பூ வையுங்கள். ரீபாண்டிங்கும் சாயமும் கொஞ்ச நாள் ஒத்திப்போகட்டும். உதிருமே என்று பயந்து தலை குளிக்காமல் இருக்காதீர்கள். மூன்று நாள் விழ வேண்டியது நாலாம் நாள் சேர்ந்து விழும், பையை நிரப்புவது பெரும்பாலும் அதுதான். முடி வளரத் தடவும் மினாக்சிடில் மருந்து இந்த வகை உதிர்வுக்கு அநேகமாகத் தேவைப்படாது.

முடி வட்டம் வட்டமாகப் போனாலோ, தலைத்தோல் சிவந்து செதில் விட்டாலோ, கால் வீங்கினாலோ, ஒரு வருடம் கடந்தும் கொட்டினாலோ அது வேறு கதை, நேரில் வாருங்கள். குழந்தைக்குத் திட்டம் இருந்தால் ஆபரேஷனிலிருந்து 12 முதல் 18 மாதம்வரை தள்ளிவையுங்கள்.

இன்னும் சில மாதத்தில் ஒரு நாள் எண்ணெய் வைத்துச் சீவும்போது, முன்நெற்றி ஓரத்தில் படியாமல் குத்திட்டு நிற்கும் அரை அங்குல முடிகளைக் கண்ணாடியில் பார்ப்பீர்கள். மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால் பின்னலுக்குள் வர வெகுநாள் ஆகும். அவற்றைக் கிளிப் போட்டு அடக்காமல் விட்டுவிடுங்கள். மறுபடி எழுதும்போது ஃபெரிட்டின் எண்ணையும் கடைசியாக வாந்தி வந்த தேதியையும் எழுதுங்கள். முடியை எண்ணி எழுத வேண்டாம்.