214 விசிட்டிங் கார்டுகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தொழில் பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதுவதால் உங்களிடம் இதைக் கேட்கத் தோன்றியது. பொடியையும் தானியத்தையும் எடைபோட்டுப் பொட்டலம் கட்டும் சிறிய இயந்திரங்களைச் செய்கிறோம். நான், என் தம்பி, பதினாறு தொழிலாளர்கள். மூன்று மாதங்களுக்கு முன் முதன்முறையாக ஒரு வர்த்தகக் கண்காட்சியில் ஸ்டால் எடுத்தோம். நான்கு நாட்கள். ஓர் ஆண்டு விளம்பரத்துக்கு ஒதுக்கிய பணம் முழுவதும் அதிலேயே கரைந்தது. 214 விசிட்டிங் கார்டுகள் சேர்ந்தன. அத்தனை பேருக்கும் விலைப்பட்டியலை மின்னஞ்சலில் அனுப்பினேன். இன்றுவரை ஓர் ஆர்டர்கூட இல்லை.

எதிர் ஸ்டால் எங்களைவிடப் பல மடங்கு பெரிய போட்டி நிறுவனத்துடையது. வந்த கூட்டத்தில் பாதி, இலவசப் பைக்கும் பேனாவுக்கும் வந்தது. ஒருவர் இரண்டு நாள் வந்து அரைமணி நேரம் நின்றார். இயந்திரத்தின் பின்பக்கமெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டு, கார்டு கூடத் தராமல் போய்விட்டார். போட்டியாளரின் ஆளோ என்று சந்தேகம். இயந்திரம் ஓடும் வீடியோவை இணையத்தில் போட்டால் உலகமே பார்க்கிறது. இந்தக் காலத்தில் கண்காட்சி என்பது பெரிய நிறுவனங்கள் தங்கள் செல்வாக்கைக் காட்டிக்கொள்ளும் திருவிழாதானே? தம்பியோ அடுத்த ஆண்டும் போக வேண்டும் என்கிறான்.

ர.

*

அன்புள்ள ர.,

214 பேருக்கும் விலைப்பட்டியல் அனுப்பினேன் என்ற வரியில் சற்று நேரம் நின்றுவிட்டேன். அந்த வரிக்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

திருவிழா என்று கேலியாகச் சொல்கிறீர்கள். சொல்லின் வரலாற்றைப் பார்த்தால் அது உண்மையும்கூட. ஜெர்மன் மொழியில் வர்த்தகக் கண்காட்சிக்கு ‘மெஸ்ஸே’ என்று பெயர். தேவாலயப் பூசைக்கும் அதே சொல்தான். திருநாள் பூசை முடிந்து வெளியே வரும் கூட்டத்தை நம்பிக் கடை விரித்ததில் வந்த பெயர். அந்தச் சந்தைகளுக்கு வியாபாரி சரக்கை வண்டியில் ஏற்றி வருவார், விற்பார், காசை முடிந்துகொண்டு ஊர் திரும்பிவிடுவார். நீங்கள் எதிர்பார்த்துப் போனதும் ஏறக்குறைய இதைத்தான்.

அந்த வழக்கத்தை 1895இல் லைப்ஸிக் நகரம் மாற்றியது. அதற்குள் ரயில் வந்திருந்தது. தொழிற்சாலைகள் ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் வார்த்துத் தள்ளிக்கொண்டிருந்தன. அத்தனையையும் சுமந்து வருவானேன்? ஒன்றைக் கொண்டுவந்து காட்டு, ஆர்டரை எழுதிக்கொள், சரக்கைப் பிறகு அனுப்பு. இப்படித்தான் ‘மாதிரிக் கண்காட்சி’ பிறந்தது. சிறிய மாற்றம்போலத் தோன்றும். ஆனால் வாங்குபவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். முன்பு அவர் சரக்கைத் தொட்டுப் பார்த்து, அந்தச் சரக்கையே எடுத்துப்போனார். இப்போது ஒன்றைப் பார்த்துவிட்டு, கண்ணில் படாத ஆயிரத்தையும் நம்பியாக வேண்டும். சொன்ன நாளில் வருமா, பழுதானால் யாரைக் கூப்பிடுவது, அடுத்த ஆண்டு இந்த ஆள் தொழிலில் இருப்பாரா என்று அவருக்குள் ஆயிரம் சந்தேகம். அந்தச் சந்தேகங்களைத் தீர்த்துக்கொள்ளத்தான் அவர் அன்றிலிருந்து கண்காட்சிக்கு வருகிறார். ஆர்டர் பெரும்பாலும் பிறகு, வேறெங்கோ வைத்துக் கையெழுத்தாகிறது.

இதை அதற்கு முன்பே புரிந்துவைத்திருந்தவர், அமெரிக்காவில் லிஃப்ட் செய்துகொண்டிருந்த எலிஷா ஓட்டிஸ். 1854இல் நியூயார்க் கண்காட்சியில் கயிற்றில் தொங்கிய ஒரு மேடைமீது ஏறி நின்றுகொண்டு, கூட்டம் பார்த்திருக்கும்போதே கயிற்றை வெட்டச் சொன்னார். மேடை கொஞ்சம் இறங்கி அப்படியே நின்றது. லிஃப்ட் அதற்கு முன்பும் உண்டு. அறுந்தால் என்ன ஆகும் என்ற பயமும் கூடவே இருந்தது. அந்த ஒரு பயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை எல்லோர் முன்னிலையிலும் தீர்த்துவைத்தார். உங்கள் இயந்திரத்தைப் பார்ப்பவர் மனத்தில் அப்படி எந்தப் பயம் இருக்கிறது என்று கண்டுபிடித்தீர்களா? ஈரப்பதத்தில் பொடி கட்டிக்கொண்டால் எடை தவறுமா என்பதா? அப்படியானால் ஈரப்பொடியை அள்ளிப் போட்டு ஓட்டிக் காட்டியிருக்க வேண்டும்.

வீடியோ விஷயத்துக்கு வருகிறேன். அதில் உங்களோடு பாதி உடன்படுகிறேன். 1995இல் தொடங்கிய இ3 என்ற வீடியோ விளையாட்டுக் கண்காட்சி ஒரு காலத்தில் அந்தத் தொழிலின் தலைவாசலாக இருந்தது. 2023 டிசம்பரில் நிரந்தரமாக மூடுவதாக அறிவித்தார்கள். 1905இல் தொடங்கிய ஜெனீவா மோட்டார் கண்காட்சியை அந்நகரில் இனி நடத்தப்போவதில்லை என்று 2024இல் சொல்லிவிட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் பல காரணங்கள் இருக்கலாம். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்: இரண்டிலும் முக்கியமான நிகழ்வு அறிவிப்பு. புதிய விளையாட்டு வருகிறது, புதிய கார் வருகிறது என்று திரையை விலக்கிக் காட்டுவது. அறிவிப்பை இணையம் அழகாகச் செய்துவிடும். அதற்கு ஸ்டால் எதற்கு? அதே சமயம் ஃபிராங்க்ஃபர்ட் புத்தகக் கண்காட்சியைப் பாருங்கள். அங்கே தொழில்முறையாளர்கள் வருவது மொழிபெயர்ப்பு உரிமை போன்றவற்றைப் பேசத்தான். எல்லாம் காகிதத்தில் இருப்பவை, நொடியில் மின்னஞ்சலில் போய்விடக்கூடியவை. ஆனாலும் முன்கூட்டியே நேரம் குறித்துக்கொண்டு, மேசைக்கு இருபுறமும் உட்கார்ந்து முகம் பார்த்துப் பேசுகிறார்கள். கொரோனாக் காலத்தில் பல கண்காட்சிகளை இணையத்துக்கு மாற்றிப் பார்த்தார்கள். அமெரிக்காவின் மின்னணுப் பொருள் கண்காட்சியான சிஇஎஸ் 2021இல் முழுக்கத் திரையில்தான் நடந்தது. மறு ஆண்டே மண்டபத்துக்குத் திரும்பிவிட்டது.

உங்கள் வீடியோவை உலகமே பார்க்கிறது, சரி. வீடியோவில் எந்த இயந்திரமும் பழுதாவதில்லை என்பதும் உலகத்துக்குத் தெரியும்.

எதிர் ஸ்டால் போட்டியாளரைப் பற்றிச் சலித்துக்கொள்கிறீர்கள். அவர் செலவில் உங்களுக்குக் கூட்டம் வந்திருக்கிறது, ஐயா. பொட்டலம் கட்டும் இயந்திரம் வாங்க நினைப்பவர் அவரைத் தேடி வந்து, திரும்பிப் பார்த்தால் நீங்கள். இரண்டையும் பத்தடித் தூரத்தில் வைத்து ஒப்பிடும் வாய்ப்பு வேறு எங்கே கிடைக்கும்? ஒப்பிட்டால் தோற்றுவிடுவோம் என்ற பயம் இருந்தால் அது வேறு பிரச்சினை. அதைத் தொழிற்சாலையில்தான் சரிசெய்ய வேண்டும்.

வடிவமைப்பைத் திருடிவிடுவார்களோ என்ற கவலை கண்காட்சியோடு பிறந்தது. 1873இல் வியன்னாவில் நடந்த பன்னாட்டுக் கண்காட்சிக்குப் பல வெளிநாட்டுக் கண்டுபிடிப்பாளர்கள் வர மறுத்தார்கள், நகலெடுத்துவிடுவார்கள் என்று பயந்து. அந்தச் சிக்கலிலிருந்து தொடங்கிய பேச்சுதான் பத்தாண்டு கழித்து, 1883இல், தொழில்சார் சொத்துரிமைக்கான பாரிஸ் ஒப்பந்தமாக முடிந்தது. உங்களுக்கு இதில் ஒரு நடைமுறைப் பாடம் உண்டு. இயந்திரத்தில் புதிதாக ஏதாவது செய்திருந்தால் காப்புரிமைக்கு முதலில் விண்ணப்பித்துவிட்டுப் பிறகு காட்டுங்கள். பொதுவில் காட்டிவிட்ட பொருளைப் புதியது என்று பெரும்பாலான நாடுகளில் ஏற்கமாட்டார்கள்.

இனி அந்த 214 கார்டுகள். எழுத்துக்கு வருவதற்கு முன் அளவைக் கருவிகள் செய்யும் ஒரு நிறுவனத்தில் விற்பனைப் பிரிவில் இருந்தேன். கண்காட்சி முடிந்து திரும்பினால் மேலாளர் கேட்கும் ஒரே கேள்வி, “எத்தனை கார்டு?” நாங்களும் எண்ணிக்கைக்காகக் கண்ணாடிக் கிண்ணம் வைத்து, கார்டு போட்டால் பரிசு என்று அறிவித்துக் குவித்தோம். குவிந்தது. அதில் ஒன்றும் தேறவில்லை. எங்களில் மூத்தவர் ஒருவர் மட்டும் கிண்ணத்தின் பக்கமே போகமாட்டார். சட்டைப்பையில் ஒரு நோட்டு வைத்திருப்பார். வந்தவர் என்ன கேட்டாரோ அதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொள்வார். ஒருமுறை மூன்று நாட்களில் மூன்று பேர், ஒருவரையொருவர் அறியாதவர்கள், ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள்: “கையுறையைக் கழற்றாமல் இந்தப் பொத்தானை அழுத்த முடியுமா?” முடியாது. குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து வடிவமைத்த எங்களில் ஒருவருக்கும் கையுறை நினைவுக்கு வரவில்லை. அடுத்த மாடலில் பொத்தானைப் பெரிதாக்கினோம். அந்தக் கண்காட்சியில் எங்களுக்கு வந்த ஆர்டர் எத்தனை என்று இன்று நினைவில்லை. அந்தக் கேள்வி நினைவிருக்கிறது.

இப்போது சொல்லுங்கள், 214 பேரில் யார் எதைக் கேட்டார் என்று கார்டின் பின்புறம் குறித்தீர்களா? குறிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். குறித்திருந்தால் அத்தனை பேருக்கும் ஒரே விலைப்பட்டியல் போயிருக்காது. பேனாவுக்கு வந்தவருக்கும் இயந்திரத்துக்கு வந்தவருக்கும் ஒரே கடிதம் போனால், பேனாவுக்கு வந்தவர் மட்டும்தான் வருத்தப்படமாட்டார். தவிர, இயந்திரம் வாங்குவது பேனா வாங்குவதுபோல இல்லை. நிதி ஒதுக்க வேண்டும், மேலிடத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். மூன்று மாதத்தில் ஆர்டர் வரவில்லை என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. முதலில் ஞாபகத்தைத் துழாவி ஓர் இருபது பேரைப் பிரித்தெடுங்கள். ஒவ்வொருவரையும் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசுங்கள்.

அடுத்த ஆண்டு போகலாமா என்பதற்கு என் பதில் உங்கள் தம்பிக்கும் பிடிக்காது. உங்கள் இயந்திரத்தை வாங்கக்கூடியவர்கள் மொத்தமே முப்பது பேர், அத்தனை பேரையும் தெரியும் என்றால், ஸ்டால் பணத்தில் முப்பது ஊருக்கு டிக்கெட் எடுங்கள். யார் வாங்குவார்கள் என்றே இன்னும் சரியாகத் தெரியாது என்றால் போகத்தான் வேண்டும். அதற்கும் முன்னால் ஒருமுறை ஸ்டால் எடுக்காமல், வெறும் பார்வையாளராகச் சுற்றி வாருங்கள். ஸ்டால் விற்பவர்கள் சென்ற ஆண்டு யார் யார் கடை போட்டார்கள் என்ற பட்டியலைத்தான் நீட்டுவார்கள். பார்க்க வந்தவர்கள் எந்தத் தொழிலைச் சேர்ந்தவர்கள் என்ற விவரத்தைக் கேளுங்கள். தயங்கினால் வேறு கண்காட்சி பாருங்கள்.

கடைசியாக, பின்பக்கம் எட்டிப் பார்த்தவர். போட்டியாளரின் ஆள் அரைமணி நேரம் நிற்கமாட்டார். படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார். இயந்திரத்தின் பின்பக்கத்தைப் பார்ப்பவர், அதைத் தினமும் கழற்றித் துடைத்து மாட்ட வேண்டியவராக இருக்கலாம். அப்படிப்பட்டவர்களிடம் பல சமயம் கார்டே இருக்காது. அவர் உங்களிடமோ தம்பியிடமோ ஏதாவது கேட்டாரா? நினைவிருந்தால் எழுதுங்கள்.