கடலடி மின்கேபிளால் திமிங்கலம் கரை ஒதுங்குமா?

கடலடி மின்கேபிள்களால்தான் திமிங்கலங்கள் கரை ஒதுங்குகின்றன என்று உங்கள் மின்காந்த ஆய்வறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள், வழிகாட்டி ஆதாரம் கேட்கிறார். அந்த வரியை எடுத்துவிடுங்கள். கேபிளின் காந்தப்புலம் சில மீட்டர் தள்ளிப் போனாலே வெகுவாகக் குறைந்துவிடும். 2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் மணப்பாடு கரையில் ஒதுங்கிய பைலட் திமிங்கலங்களையும் இதோடு முடிச்சுப் போட வேண்டாம்.

சூரியன் பக்கம் போனால் கையில் பிடிக்க ஏதோ இருக்கிறது. 2020இல் வெளியான ஓர் ஆய்வு, சாம்பல் திமிங்கலங்கள் உயிரோடு கரையேறிய 186 சம்பவங்களை எடுத்துக்கொண்டது. சூரியச் செயல்பாட்டால் வானொலி அலை இரைச்சல் கூடிய நாட்களில் அவை அதிகம் நடந்திருந்தன. பூமியின் காந்தப்புலத்தை வைத்துத் திசையறியும் அவற்றின் காந்த உணர்வு குழம்பியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். ஊகம் என்றே எழுதுங்கள்.

எனக்கு மிகப் பிடித்தது ஜெர்மனியின் நியூரம்பெர்க் விலங்குக் காட்சிச்சாலைச் சோதனை. டாலி, டோனா என்ற இரண்டு டால்ஃபின்கள் தண்ணீருக்குள் உலோகத் தாங்கியில் தாடையை வைத்து அசையாமல் நிற்கும். மூக்கருகே மின்புலம் தட்டுப்பட்டால் ஐந்து விநாடிக்குள் விலக வேண்டும், இல்லையென்றால் அப்படியே நிற்க வேண்டும். சென்டிமீட்டருக்குச் சில மைக்ரோவோல்ட் புலத்தையே உணர்ந்துவிட்டன! பிறந்ததும் மீசைமுடி உதிர்ந்த குழிகள்தான் அந்த உணர்வுறுப்பு. மணலில் புதைந்த மீனைக் கிட்டத்தில் கண்டுபிடிக்க இது உதவக்கூடும். உங்கள் கேபிள் அத்தியாயத்தை இங்கிருந்து தொடங்குங்கள்.

அப்புறம், நீருக்கடியில் ஒலியனுப்பித் தேடும் கடற்படை சோனாரை இந்த அறிக்கையில் சேர்க்காதீர்கள். அது ஒலி, மின்காந்த அலை இல்லை.